நான் சொல்றதை வீட்ல யாருமே கேக்கறதில்ல, பேசறதையே நிறுத்திடவா?

கேள்வி: மேடம், எனக்கு 71 வயசு, வீடு மேற்கு மாம்பலம். 1976-ல மத்திய அரசோட ஏ.ஜி. ஆபீஸ்ல சேர்ந்தேன், 2014-ல ரிட்டையர் ஆனேன், சர்வீஸ் பூரா ஆடிட்தான். மனைவி 2021-ல தவறிட்டாங்க. இப்ப மகன், மருமகள், பேரனோட இருக்கேன். காலையில பேப்பர் படிச்சதும் அரசியல், கச்சேரி, டிராமா, சினிமான்னு மனசுல தோணறதை நோட்டுல எழுதுவேன், ராத்திரி சாப்பிடறப்ப வீட்ல சொல்லுவேன். மகன் "டெய்லி இதேதானாப்பா"ன்னு எழுந்து போயிடறான். போன மாசம் கானா பாட்டைப் பத்தி ஏதோ சொன்னேன், மருமகள் ராயபுரத்துப் பொண்ணு, அன்னையிலேர்ந்து எங்களோட உக்காந்து சாப்பிடறதில்ல. 2024-ல மியூசிக் அகாடமி விருது விஷயத்துலயும் மகனோட பெரிய சண்டை. 1992-க்கு அப்புறம் வந்த ஒரு பாட்டு கூட மனசுல நிக்கல, இப்ப பாடறவங்களுக்கு உச்சரிப்பே இல்ல. டிவி சவுண்ட் வெச்சா பேரன் காதைப் பொத்திக்கறான். பார்க்ல ஒரு நண்பர் "அரசியல் எழுதாதே, பென்ஷன்ல கை வெப்பாங்க"ன்னு பயமுறுத்தறார். பேசறதையும் எழுதறதையும் நிறுத்திடறதுதான் எல்லாருக்கும் நிம்மதியா?

பதில்: சார், நிறுத்தாதீங்க. எடுத்ததும் இதை நேரா சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். 71 வயசுல காலையில எழுந்து பேப்பரை முழுசா படிச்சு, அதுல ஒண்ணுக்கு கோவப்பட்டு ஒண்ணுக்கு சந்தோஷப்பட்டு, அதை உக்காந்து கைப்பட எழுதற அளவுக்கு உலகத்து மேல அக்கறை இருக்கு உங்களுக்கு. நான் பெரியவங்களுக்கு கவுன்சலிங் பண்றவ, என்கிட்ட வர்றவங்கள்ல எனக்கு அதிகமா பயம் குடுக்கறது யாருன்னா எது நடந்தாலும் "எனக்கென்ன"ன்னு சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கறவங்கதான். நீங்க அந்தப் பக்கமே இல்ல. அதனால நிறுத்தறதா வேணாமாங்கறதை விட்டுடுவோம். என்ன சொல்றீங்க, எப்ப சொல்றீங்க, யார்கிட்ட சொல்றீங்க, இதுலதான் வேலை இருக்கு.

உங்க லெட்டர்ல என் கண்ணுல முதல்ல பட்டது 1976-ம் 2014-ம். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-ன்னு ஒண்ணு இருக்கு, உங்களுக்கு மனப்பாடமா தெரியும், கட்சியில சேரக்கூடாது, தேர்தல் வேலை பாக்கக்கூடாது, அரசாங்கத்தோட முடிவை வெளியில குறை சொல்லக்கூடாது. 38 வருஷம் அந்த விதிக்குள்ள இருந்திருக்கீங்க. எமர்ஜென்சி, 1976 ஜனவரி 31 ராத்திரி இங்க ஆட்சியைக் கலைச்சது, 77-ல ரெண்டு தேர்தல், எல்லாத்தையும் பாத்துட்டு வெளியில வாயைத் திறக்காம கேன்டீன்ல காபியோட முடிச்சிருப்பீங்க. மிச்சத்தை வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட சொல்லியிருப்பீங்க, அவங்களும் சமைச்சுக்கிட்டே கேட்டிருப்பாங்க, நடுவுல ஒரு மறுப்பும் சொல்லியிருப்பாங்க. 2014-ல கட்டுப்பாடு போச்சு, 2021-ல கேக்கறவங்க போயிட்டாங்க. அப்போ அத்தனையும் சாப்பாட்டு மேஜைக்குத்தான் வரும், வேற எங்க போகும். இதை உங்க மகனுக்கு யாராவது சொல்லணும், அவருக்கு "அப்பா ரிட்டையர் ஆகி மாறிட்டாரு"ன்னுதான் தோணும். உங்களுக்கு ஆட்சேபனை இல்லன்னா இந்த பதிலையே அவர்கிட்ட படிக்கக் குடுங்க.

ஆனா அவர் பக்கமும் பாருங்க. ராத்திரி சாப்பிட உக்கார்ற நேரத்துல ஒரு மனுஷனுக்கு பசியும் தூக்கமும்தான் இருக்கும், அரசியலுக்கு இடம் இருக்காது. அதனால சாப்பாட்டு நேரத்துல அரசியல் வேணாம், அது உங்க வாயிலேர்ந்தே வர்ற விதியா இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை காலையில காபி குடிக்கறப்ப ஒரு அரை மணி நேரம் "பேசலாமாப்பா"ன்னு கேட்டுட்டு ஆரம்பிங்க, முதல் வார்த்தை கேள்வியா இருக்கட்டும், "உன் ஆபீஸ்ல இதைப் பத்தி என்ன பேசிக்கறாங்க"ன்னு. பதில் வந்தா முழுசா முடியற வரைக்கும் கேளுங்க. டெய்லி பேசறதுக்கு பார்க் இருக்கு, நண்பர்கள் இருக்காங்க, அங்க தாராளமா பேசுங்க.

இப்ப பாட்டு விஷயம். 1992-க்கு அப்புறம் ஒண்ணுமே மனசுல நிக்கலன்னு எழுதியிருக்கீங்க, அந்த வருஷம் ஏ.ஆர். ரஹ்மான் வந்த வருஷம், உங்களுக்கு அப்ப 38 வயசு இருக்கும். 1976-ல இளையராஜா வந்தப்ப 22. மனசோட ஞாபகத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க நிறைய பேர் கண்டு சொன்ன ஒரு விஷயம் இருக்கு, சுமாரா பத்து வயசுலேர்ந்து முப்பது வயசு வரைக்கும் நடந்தது, கேட்டது, பாத்தது எல்லாம் மத்த வயசைவிட ஆழமா பதியும், வயசான பிறகு திரும்பிப் பாக்கறப்ப அந்தக் காலம்தான் அதிகமா மேல வரும். உங்க பேரனுக்கும் அப்படித்தான் ஆகும், 2070-ல அவன் உக்காந்து "அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா"ன்னு இப்ப நீங்க சகிக்க முடியலன்னு சொல்ற பாட்டைச் சொல்லுவான். அதுக்காக உங்க ரசனை தப்புன்னு நான் சொல்லல, 70-கள்ல வந்த பாட்டுல பெரிய விஷயங்கள் இருக்கு, அதை விளக்கிச் சொல்ல உங்களால முடியும். "எனக்கு இது பிடிக்கும், ஏன்னா இந்த இடத்துல இந்த ராகம் இப்படி வருது"ன்னு சொல்லுங்க, பேரன் உக்காந்து கேப்பான். "இப்ப வர்றதெல்லாம் பாட்டா"ன்னு ஆரம்பிச்சா யாருமே கேக்க மாட்டாங்க, நான் உட்பட.

கச்சேரியிலயும் இதேதான். முன்னோர் காலத்துலேர்ந்து வர்ற முறைன்னு நாம சொல்ற கச்சேரி அமைப்பு, வர்ணத்துல தொடங்கி கிருதி, ராகம் தானம் பல்லவி, கடைசியில துக்கடான்னு போறது, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தினது, அவர் பொறந்தது 1890-ல. வயலின் நம்ம மேடைக்கு வந்ததே முத்துஸ்வாமி தீட்சிதரோட தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்துல, வெள்ளைக்காரன்கிட்டேர்ந்து. மைக் வந்தது வயலினுக்கும் ரொம்ப பின்னாடி. ஒவ்வொண்ணு வந்தப்பவும் போச்சு போச்சுன்னு சொன்னவங்க இருந்திருப்பாங்க, இன்னிக்கு அதெல்லாம் சேர்ந்ததைத்தான் நாம சம்பிரதாயம்னு சொல்றோம்.

இன்னொரு விஷயம், இதை கொஞ்சம் சீரியஸா எடுத்துக்கோங்க. உச்சரிப்பு இல்லங்கறீங்க, பேரன் டிவி சவுண்டுக்கு காதைப் பொத்திக்கறான்னும் எழுதியிருக்கீங்க. ரெண்டையும் சேர்த்துப் படிச்சா எனக்கு காது ஞாபகம்தான் வருது. வயசாகறப்ப காதுல முதல்ல குறையறது கீச்சுன்னு இருக்கற மேல்ஸ்தாயி ஒலிகள், ச, ஸ, ஃப மாதிரி எழுத்துங்க, குழந்தைங்க குரல், பொண்ணுங்க குரல். சத்தம் கேக்கும், வார்த்தை தெளிவா இருக்காது, அதனால எதிராளி முணுமுணுக்கறாங்கன்னு தோணும். நாலு பேர் சேர்ந்து பேசற இடத்துல ஃபாலோ பண்றது ரொம்ப கஷ்டம், கேக்கறதைவிட பேசறது சுலபமா இருக்கும், அதனால தன்னை அறியாம நாமளே பேசிக்கிட்டு இருப்போம். வீட்ல "இவர் யாரையும் பேச விட மாட்டாரு"ன்னு பேர் வாங்கின எத்தனையோ பெரியவங்களுக்கு பிரச்சனை குணத்துல இல்ல, காதுலதான் இருந்துச்சு. மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டம் சி.ஜி.ஹெச்.எஸ்., அந்த கார்டு உங்ககிட்ட இருந்தா அவங்க வெல்னஸ் சென்டர்ல கேட்டு, ஈ.என்.டி. டாக்டரைப் பாத்து, காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்கற ஆடியோகிராம் டெஸ்ட் எடுத்துடுங்க, வலி கிடையாது, ஹெட்போன் போட்டு சத்தம் கேட்டா பட்டனை அழுத்தணும் அவ்வளவுதான். காதுக்கு மெஷின் வேணும்னா அதுக்கும் சி.ஜி.ஹெச்.எஸ்.ல வழி இருக்கு. இதைத் தள்ளிப் போடாதீங்க, ரொம்ப நாள் கேக்காம விட்டுட்டு அப்புறம் மெஷின் மாட்டினா பழகறது கஷ்டம்.

சரி, மருமகள். நீங்க இதை ஒரே ஒரு வரியில எழுதிட்டு அடுத்த விஷயத்துக்கு போயிட்டீங்க, எனக்கு என்னமோ உங்க லெட்டர்லயே பெரிய விஷயம் இதுதான்னு படுது. "ஏதோ சொன்னேன்"னு எழுதியிருக்கீங்களே, என்ன சொன்னீங்கன்னு எழுதல. எழுத மனசு வரலன்னா அந்த வார்த்தை எப்படிப்பட்டதுன்னு உங்களுக்கே தெரியும்னு அர்த்தம். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் கானாங்கறது வெறும் சினிமா குத்துப் பாட்டு கிடையாது சார். சாவு விழுந்த வீட்ல ராத்திரி பூரா உக்காந்து, செத்தவரோட வாழ்க்கையைப் பாட்டாவே சொல்லி, அந்த வீட்டு ஜனங்க துக்கத்தோட விடிய விடிய கூட இருக்கற பாட்டு அது. அந்தப் பொண்ணு தன் தாத்தாவையோ பாட்டியையோ அந்தப் பாட்டோடதான் அனுப்பி வெச்சிருக்கலாம். நீங்க ரசனையைப் பத்தி பேசினதா நெனச்சிருப்பீங்க, அவங்க காதுல "உங்க வீட்டு சாவுக்கு மரியாதை இல்ல"ன்னுதான் விழுந்திருக்கும். அதோட மேற்கு மாம்பலத்துல உக்காந்துக்கிட்டு ராயபுரத்தைப் பத்தி சொல்றப்ப வார்த்தைக்குப் பின்னாடி ஜாதி, ஏரியா, எல்லாம் சேர்ந்து வந்து நிக்கும், நாம நெனைக்கலன்னாலும் நிக்கும்.

நீங்க ஆடிட்ல இருந்தவர், உங்க பாஷையிலயே கேக்கறேன். ஒரு ஆபீஸைப் பத்தி அங்க போகாம, ரிஜிஸ்டரைப் பிரிக்காம, ஒரு வவுச்சர் கூட பாக்காம ஆடிட் ரிப்போர்ட்ல குறை சொல்லி பாரா எழுதியிருக்கீங்களா? எழுதினா உங்க மேலதிகாரி அதை ஏத்துக்கிட்டிருப்பாரா? கானாவை நீங்க எங்க கேட்டீங்க? டிவியிலயும் ஆட்டோவுலயும் கேட்டது கணக்குல வராது. உங்க மருமகளைவிட நல்ல வவுச்சர் வேற யார்கிட்ட இருக்கு, ஒரே வீட்ல இருக்காங்க.

அதனால செய்ய வேண்டியது இது. மகனை நடுவுல வெக்காதீங்க. அவங்க தனியா இருக்கறப்ப, சமையல் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு இல்லாம, உக்காந்து, "அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா, தெரியாம பேசிட்டேன்"ன்னு சொல்லுங்க. அதோட நிறுத்திடுங்க, "ஆனா நான் சொல்ல வந்தது என்னன்னா"ன்னு ஒரு வார்த்தை கூட சேக்காதீங்க. மாமனார் மருமகள்கிட்ட இறங்கி வர்றதான்னு உங்க வயசுக்காரங்க யாராவது சொல்லுவாங்க, அதைக் காதுல வாங்காதீங்க. அவங்க உடனே சாப்பிட வந்து உக்காரலன்னாலும் பரவாயில்ல, நாள் ஆகும். அப்புறம் ஒரு நாள் சகஜமானதும் கேளுங்க, "எனக்கு ஒரு நல்ல கானா போட்டுக் காட்டேம்மா, என்ன அர்த்தம்னு சொல்லேன்"ன்னு. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு ஒரு இசைக்குழுப் பசங்க முதல் மேடை போட்டாங்க, கானாவும் ராப்பும் பறையும் சேர்த்து. 2020-லேர்ந்து மார்கழியில மக்களிசைன்னு நம்ம சபா சீசன் நடக்கற அதே மாசத்துல பறை, ஒப்பாரி, கானான்னு மேடை ஏத்தறாங்க. அடுத்த டிசம்பர்ல ஒரு நாள் காலையில மியூசிக் அகாடமியில விளக்கம் சொல்லிப் பாடிக் காட்டற லெக்-டெம், அதுக்கு டிக்கெட்டே கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும், இன்னொரு நாள் சாயந்திரம் குடும்பத்தோட மக்களிசை. ரெண்டையும் கேட்டுட்டு அப்புறமும் உங்களுக்குப் பிடிக்கலன்னா "பிடிக்கல"ன்னு சொல்லுங்க, அப்ப அந்தக் கருத்துக்கு மரியாதை இருக்கும், மருமகளே உங்களோட வாதாடுவாங்க.

2024 விருது சண்டையில யார் பக்கம் நியாயம்னு நான் சொல்லப் போறதில்ல. பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு அகாடமியோட சங்கீத கலாநிதி விருது அறிவிச்சது, சில பாடகர்கள் அகாடமி சீசன்லேர்ந்து விலகினது, எம்.எஸ். சுப்புலட்சுமி பேர்ல குடுக்கற விருது கோர்ட் வரைக்கும் போனது எல்லாம் எல்லாருக்கும் தெரியும், சென்னையில எத்தனையோ வீட்ல அப்பாவும் பிள்ளையும் அதுக்காக பேசாம இருந்தாங்க. இந்த மாதிரி சண்டை இந்த ஊருக்குப் புதுசும் இல்ல. 1941-ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேணும்னு தீர்மானம் போட்டதும் பத்திரிகைகள்ல கல்கி மாதிரி ஆளுங்க ஒரு பக்கம், வித்வான்கள் பலர் இன்னொரு பக்கம்னு சண்டை போட்டாங்க, 1943-ல தமிழ் இசைச் சங்கமே ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு நீங்களே ஐகோர்ட் பக்கத்துல ராஜா அண்ணாமலை மன்றத்துல போய் கச்சேரி கேட்டுட்டு வருவீங்க, யாரும் உங்களை எந்தக் கட்சின்னு கேக்கறதில்ல. மகன்கிட்ட பேசறப்ப ரெண்டு விஷயத்தைப் பிரிச்சு வெச்சுக்கோங்க, பாட்டைப் பத்தி நீங்க காதால கேட்டது ஒரு பக்கம், அந்தப் பாடகர் பேசின அரசியலைப் பத்தி நீங்க பேப்பர்ல படிச்சது இன்னொரு பக்கம். முதலாவதுல நீங்க கெட்டிக்காரர், ரெண்டாவதுல மகனும் நீங்களும் ஒரே பேப்பர் படிச்ச ரெண்டு பேர்.

நோட்டு விஷயத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப ஆசையான விஷயம் இது. நீங்க நாட்டைப் பத்தி என்ன நெனைக்கறீங்கங்கறது மாதிரி கருத்து தெருவுக்கு நூறு பேர்கிட்ட இருக்கு. ஆனா நீங்க பாத்தது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. 1969 பிப்ரவரியில அண்ணா இறந்தப்ப உங்களுக்கு பதினஞ்சு வயசு இருக்கும், அன்னைக்கு உங்க தெருவுல என்ன நடந்துச்சு, கடை எல்லாம் எப்ப மூடினாங்க, உங்க அப்பா என்ன சொன்னார்? மெரினாவுல சீரணி அரங்கத்துல நீங்க நின்னு கேட்ட கூட்டம் எது, 2003-ல இடிச்சுட்டாங்க, இப்ப இருக்கற பசங்களுக்கு அது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னே தெரியாது. ஆர்.எஸ். மனோகர் டிராமாவுல செட் கண்ணு முன்னாடி மாறறப்ப ஜனம் கை தட்டினது, 1975 ஆகஸ்ட் 15 மெட்ராஸுக்கு டிவி வந்தப்ப எந்த வீட்டு ஜன்னல்ல எத்தனை பேர் தொங்கினாங்கங்கறது, சஃபையர் தியேட்டர்ல என்ன டிக்கெட் வாங்கினீங்க, 1983-ல திறந்து 2024-ல மூடின உதயம் தியேட்டர்ல மனைவியோட பாத்த முதல் படம் எது, இதெல்லாம் எழுதுங்க. தேதி, இடம், கூட யாரு, எவ்வளவு காசு, மழையா வெயிலா, என்ன நடந்துச்சு. அப்புறமா அன்னைக்கு என்ன தோணிச்சு, கடைசியா இன்னிக்கு என்ன தோணுது. கருத்து வேணாங்கல, கடைசியில வரட்டும்.

புதுச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லேர்ந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினாரு. அதுல அவரோட அபிப்பிராயமும் இருக்கு, சிலது இன்னிக்குப் படிச்சா நமக்கு ஒத்துக்காது. ஆனா எந்தக் கப்பல் எப்ப வந்துச்சு, கவர்னர் என்ன கேட்டாரு, ஊர்ல யாருக்கும் யாருக்கும் என்ன தகராறுன்னு அன்னன்னிக்கு எழுதி வெச்சாரே, அதுக்காகத்தான் இன்னிக்கும் அதைத் தேடிப் படிக்கறாங்க. உங்க பரண்ல பழைய டிராமா நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், சீசன் டிக்கெட் ஏதாவது கெடந்தா பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடாதீங்க, தரமணியில ரோஜா முத்தையா நூலகம் இந்த மாதிரி காகிதங்களை வெச்சு பாதுகாக்கற இடம், ஒரு நாள் போய் பாத்துட்டு வாங்க, நம்ம வீட்ல குப்பைன்னு ஒதுக்கறதுக்கு அங்க என்ன மரியாதைன்னு தெரியும். பேரனையும் கூட்டிட்டுப் போங்க. அவன் போன்ல ரெக்கார்டிங் போட்டு உங்களைக் கேள்வி கேக்கட்டும், கேள்வி அவன்கிட்டேர்ந்து வரட்டும், நீங்க பதில் மட்டும் சொல்லுங்க.

கடைசியா பென்ஷன். உங்க நண்பர் பயமுறுத்தற அளவுக்கு ஒண்ணும் இல்ல. சர்வீஸ்ல இருக்கறவங்களுக்கான நடத்தை விதி ரிட்டையர் ஆனவங்களுக்குப் பொருந்தாது. பென்ஷன் விதியில "நன்னடத்தை"ன்னு ஒரு நிபந்தனை இருக்கு, அது கடுமையான குற்றத்துல தண்டனை வாங்கினாலோ பெரிய முறைகேடு பண்ணினாலோதான் வரும். 2021-ல முன் அனுமதி இல்லாம எழுதக்கூடாதுன்னு வந்த கட்டுப்பாடு உளவுத்துறை, பாதுகாப்பு அமைப்புகள்ல வேலை பாத்தவங்களுக்கு, ஏ.ஜி. ஆபீஸ் அதுல வராது. அரசாங்கத்தோட திட்டம் சரியில்லன்னு உங்க பேரைப் போட்டே எழுதலாம், ஓட்டுப் போடறவருக்கு அந்த உரிமை இல்லன்னா யாருக்கு இருக்கும். நீங்க ஜாக்கிரதையா இருக்க வேண்டியது போன்ல வர்ற ஃபார்வேர்ட் விஷயத்துலதான். பெண் பத்திரிகையாளர்களைப் பத்தி வேற யாரோ கேவலமா எழுதினதை 2018-ல ஷேர் பண்ண ஒரு நடிகர், முன்னாள் எம்.எல்.ஏ., அவருக்கு 2024-ல சென்னை கோர்ட் ஒரு மாசம் ஜெயில் தண்டனை விதிச்சது, "நான் எழுதல, அனுப்பினேன் அவ்வளவுதான்"ங்கறது அங்க எடுபடல. அதனால ஒரு ஜாதியைப் பத்தியோ மதத்தைப் பத்தியோ ஒரு பொண்ணைப் பத்தியோ தாறுமாறா ஏதாவது வந்தா, அது எவ்வளவு நெருங்கின நண்பர் அனுப்பினதா இருந்தாலும், அடுத்தவங்களுக்குத் தள்ளாம அப்பவே அழிச்சுடுங்க. ஆடியோகிராம் எடுத்ததும் ரிப்போர்ட்ல என்ன இருக்குன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க, மெஷின் தேவைப்பட்டா எது வாங்கறதுன்னு அப்ப பேசலாம்.